'சக்காட்' என்பதற்கு விழிப்பாய்ச்சல்: என் வாக்கும் அதற்கான காரணமும்

அனைவருக்கும் வணக்கம். வாசிக்கும் கண்ணைப் பற்றிய ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் விவாதத்தில் என் கருத்து இது. கண் போகும் வழியைக் கருவியால் பதிவது 'ஐ டிராக்கிங்'. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று நகர்வது 'சக்காட்'.

'ஐ டிராக்கிங்' என்பதற்குக் 'கண்ணோட்டம்' என்று முன்மொழிந்த நண்பரின் செவி நல்ல செவி. ஆனாலும் அது வேண்டாம். அந்தச் சொல்லில் ஏற்கெனவே இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. செய்தித்தாளில் அது பார்க்கும் கோணம். குறளின் 58ஆம் அதிகாரத்தில் இரக்கம். 'கண்ணோட்டக் கருவி' என்று எழுதினால், தமிழாசிரியர் ஒருவராவது இரக்கத்தை அளக்கும் பொறி வந்துவிட்டதென்று மகிழ்வார். 'கண்காணிப்பு' அதைவிட மோசம். படிப்பவரைச் சந்தேகக் கைதியாக்கிவிடும்.

'விழித்தடம்' எனக்குச் சம்மதம். கருவி செய்வதும் அதைத்தானே? அகச்சிவப்பு ஒளியைக் கண்மேல் வீசி, கண்பாவையின் நடுப்புள்ளியையும் விழியின் முன்புறம் பட்டுத் தெறிக்கும் ஒளிப்பொட்டையும் படம்பிடிக்கிறது. இரண்டுக்கும் இடையிலான விலகலை வைத்துப் பார்வை எந்த இடத்தில் விழுகிறது என்று கணக்கிடுகிறது. நல்ல ஆய்வகக் கருவிகள் வினாடிக்கு 1000 முறை இப்படிப் பதிகின்றன. ஆகவே செயலுக்கு 'விழித்தடப் பதிவு'.

தகராறெல்லாம் 'சக்காட்' பற்றித்தான். அதற்கு 'விழியசைவு' போதும் என்பவர்கள் ஒருமுறை இதைச் செய்து பார்க்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளின் நடுவே பென்சிலால் ஒரு துளை போட்டு, பேத்தியின் முகத்துக்கு நேரே பிடித்து, அவளைப் படிக்கச் சொல்லிவிட்டு மறுபுறத்திலிருந்து துளை வழியே பார்த்தேன். கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போகவில்லை. நின்றது, சட்டென்று நகர்ந்தது, மறுபடி நின்றது. நீளமான ஒரு சொல்லில் இரண்டு முறை நின்று, பின்னால் ஒருமுறை போய்வந்தது. "தாத்தா, சிரிப்பு வருகிறது" என்று அவள் தாளைக் கீழே இறக்கியதோடு ஆய்வு முடிந்தது. அசைவு என்ற சொல்லில் அந்தச் 'சட்டென்று' இல்லை.

பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல் கடிவாளத்தை வெடுக்கென்று இழுப்பதைக் குறிக்கும். கண் மருத்துவர் எமீல் ஜவால் 1879 வாக்கில் வாசிப்பைப் பற்றி எழுதியபோது கண்ணின் போக்குக்கு அது வந்து ஒட்டிக்கொண்டது. மூலத்துக்கு உண்மையாக இருப்போம் என்று 'சுண்டல்' வரை போன நண்பரே, கடற்கரை நினைவு வந்துவிட்டது, மன்னிக்கவும்.

'தாவல்' நல்ல சொல்தான். ஆனால் கணினித் தமிழில் அது உலாவியின் 'டேப்' ஆகிவிட்டது. திரையில் படிப்பதைப் பற்றிய கட்டுரையில் 'தாவல் மாறியதும் தாவலின் நீளம் குறைந்தது' என்று வந்தால் யார் பொறுப்பு?

எனக்கு வழி காட்டியவர் பவணந்தியார். சூத்திரங்கள் அமையும் நிலையை நன்னூல் நான்காகச் சொல்கிறது: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. படிக்கும் கண் ஆற்றொழுக்காகப் போவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது போவது தவளைப் பாய்த்தாக. ஆங்கிலம் படிப்பவரின் கண் ஒரு பாய்ச்சலில் சராசரியாக 7 முதல் 9 எழுத்துகளைக் கடக்கிறது. சிறு சொற்கள் பலவற்றில் நிற்பதே இல்லை. 'பாய்த்து' இன்று வழக்கில் இல்லை என்பதால் 'விழிப்பாய்ச்சல்'. வினையும் தானாக வருகிறது: கண் பாய்கிறது, பாய்ந்தது. வினை தராத கலைச்சொல் அகராதியிலேயே கிடந்து காயும்.

இரண்டு பாய்ச்சல்களுக்கு இடையே கண் ஏறக்குறைய 200, 250 மில்லிவினாடி நிற்கிறது. அந்த நிற்றலுக்கு 'நிலைகுத்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, நம் வீடுகளில் கண் எப்போது நிலைகுத்தும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. இலங்கை நண்பர் சொன்ன 'தரிப்பு' அருமை. பஸ் தரிப்பிடத்தில் பஸ் நின்று ஆளேற்றிப் போவதைப்போல, கண்ணும் தரிக்கும்போதுதான் எழுத்தை உள்வாங்குகிறது. பாயும்போது பார்வை ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வதை மட்டும் உங்களால் பார்க்க முடியாது.

பின்னோக்கிப் பாய்வதற்கு 'அரிமா நோக்கம்' என்று வைக்க ஆசைதான். ஆனால் சிங்கம் முன்னும் பின்னும் பார்க்கும். இங்கே பின்னால் போவது மட்டும். 'மீள்பாய்ச்சல்' போதும்.

ஒன்று மட்டும் எனக்கே தீரவில்லை. மேலே '7 முதல் 9 எழுத்துகள்' என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் அது வரியில் அடைபடும் இடத்தின் கணக்கு. நமக்குக் 'கொ' ஓரெழுத்து. தாளில் கொம்பும் காலுமாக மூன்று வடிவங்களின் இடத்தை அடைக்கிறது. 'எழுத்து' என்றே விட்டால் தமிழ் வாசிப்பை அளப்பவர் எதை எண்ணுவார்? 'எழுத்திடம்' என்று ஒன்றை வைத்துப் பார்க்கிறேன். அடித்து நொறுக்குங்கள்.