டம்ளரின் வெளிப்புறத்து நீருக்கு என்ன பெயர்?

மதுரை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் வகுப்புக்கான பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐஸ் போட்ட எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கம் நீர் துளிர்க்கிறதே, அந்த நிகழ்வுக்குச் சொல் அமையாமல் நிற்கிறேன். 'ஆவி சுருங்குதல்' என்றேன். "சட்டை சுருங்குமே, அந்த மாதிரியா டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி. பேசாமல் 'டம்ளர் வியர்த்தல்' என்று போட்டுவிடட்டுமா? பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கோவை, ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்:
வேண்டாம் அம்மா. வியர்வை உள்ளேயிருந்து வருவது. உள்ளே இருக்கும் நீர்தான் கசிகிறது என்று பிள்ளைகள் ஏற்கெனவே நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தைப் போக்கத்தானே இந்தப் பாடம்? மண்பானையில் நீர் உண்மையிலேயே கசியும், எவர்சில்வரில் கசியாது. டம்ளருக்குள் நீல மையைக் கலந்து வையுங்கள். வெளியே படியும் துளியில் நீலம் இருக்காது. அது காற்றிலிருந்த நீராவி. சுருங்குதலும் தவறில்லை: 100 டிகிரி செல்சியஸில் 1 லிட்டர் நீர், 1,600 லிட்டருக்கும் மேற்பட்ட ஆவியாக விரிகிறது. அது திரும்ப நீராகும்போது சுருங்காமல் என்ன செய்யும்?

யாழ்ப்பாண ஆசிரியர்:
இங்கே அது 'ஒடுங்கல்'. ஆவியாதல், ஒடுங்கல் என்று எங்கள் பிள்ளைகள் தடையின்றிச் சொல்கிறார்கள். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடுவானேன்?

கோவை:
ஐயா, தமிழ்நாட்டு வேதியியலில் ஆக்சிஜனை இழப்பது 'ஒடுக்கம்'. நீங்கள் அதைத் 'தாழ்த்தல்' என்கிறீர்கள், உங்களுக்குச் சிக்கல் இல்லை. எங்கள் பிள்ளை மூன்றாம் வகுப்பில் ஒன்றை ஒடுக்கிவிட்டு, மேல்வகுப்பில் வேறொன்றை ஒடுக்க வேண்டியிருக்கும்.

தஞ்சாவூர்ப் புலவர்:
வெயில், வெம்மை, வெயர்: எல்லாம் சூட்டின் குடும்பம். குளிர்ந்த பாத்திரம் எப்படி வியர்க்கும்? பழந்தமிழ் கைகொடுக்கும்போது கவலை எதற்கு? 'பனித்தல்' என்று எழுதுங்கள். அப்பர் 'பனித்த சடை' என்றது நீர் நனைத்த சடையை. கண் பனித்தது என்று இன்றும் எழுதுகிறோம். பனித்தலுக்கு நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. குளிரில் நடுங்குகிறோம், குளிரில்தான் நீரும் துளிக்கிறது. ஒரே சொல்லில் காரணமும் காரியமும்! இனி, பனிக்கும் பனைக்கும் உறவு உண்டா என்றால்...

மட்டுறுத்துநர்:
புலவர் ஐயா, பனைக்குத் தனி இழை தொடங்கலாம். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொல்லாக்கத்துக்கு ஒரு சங்கமே தொடங்கினார்கள். நாம் இன்னும் ஒரு டம்ளரைச் சுற்றி நிற்கிறோம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

மதுரை:
பனி என்றதும் பிள்ளைகள் பனிக்கரடி வரைகிறார்கள், ஐயா. மன்னியுங்கள்.

சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:
'நீராதல்'? ஆவியாதலுக்கு நேர் இணை, மனப்பாடமே தேவையில்லை.

கோவை:
ஐஸ் உருகினாலும் நீராகத்தான் ஆகிறது.

திருநெல்வேலி, தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை:
'நீர் அரும்புதல்' என்றால் என்ன? நெற்றியில் வியர்வை அரும்பியது என்கிறோம், மீசை அரும்புகிறது என்கிறோம். இட்லிப் பானை மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக அரும்பி நிற்பதைப் பார்க்காத பிள்ளை உண்டா? அடுக்களையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

கோவை:
அழகான சொல்தான். ஆனால் நீர் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லவில்லை.

திருநெல்வேலி:
'மழை' என்ற சொல் மட்டும் சொல்கிறதா, ஐயா? பெயர் அதன் வேலையைச் செய்யட்டும். விளக்கம் சொல்லத்தானே நாங்கள் இருக்கிறோம்.

சென்னை:
சரி, என் வாக்கு அரும்புதலுக்கு. நீராதலை எடுத்து வைத்துக்கொள்கிறேன், வேறெங்காவது உதவும்.

புலவர்:
குறளில் 'பனியரும்பி' என்றே இருக்கிறது. பனியும் உண்டு, அரும்பும் உண்டு. பாதியை வெட்டிவிட்டீர்கள்.

மதுரை:
தாளை அனுப்பிவிட்டேன். தலைப்பில் 'நீர் அரும்புதல்', ஆசிரியர் குறிப்பில் 'ஆவி சுருங்குதல்'. நீல மைச் சோதனையும் உண்டு. பேராசிரியர் ஐயா கோபிக்க வேண்டாம், மேல்வகுப்பில் உங்கள் சொல்தான். இலங்கைப் பிள்ளைகள் பார்த்தால் புரியட்டும் என்று 'ஒடுங்கல்' என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணம்:
நன்றி. எங்கள் பிள்ளைகள் எப்படியும் ஒடுங்கல் என்றுதான் எழுதுவார்கள். பரீட்சையில் அதற்குத்தான் புள்ளி.