சாக்லேட் கடையும் மத்து: உங்களுக்கு என்ன அனுபவம்?

வேலை விஷயமாக மெக்சிகோவின் வஹாக்கா நகரில் மூன்று மாதம் இருந்தேன். தங்கியிருந்த வீட்டு அம்மா காலையில் பச்சை மெருகு போட்ட மண்குடுவையில் சுடுதண்ணீர் ஊற்றி, பட்டை மணக்கும் சாக்லேட் வில்லையை உடைத்துப் போடுவார். அப்புறம் ஒரு மரத்தடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவார். கீரை மத்தை உருட்டுகிற அதே கை. அந்தத் தடியின் பெயர் மொலினீயோ.

அடியில் வரிவரியாகச் செதுக்கிய குமிழ். அதற்கு மேலே லொடலொடவென்று ஆடும் மர வளையங்கள். தனியாகச் செய்து கோத்திருப்பார்கள் என்று ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடினேன். கிடையாது. ஒரே கட்டையைக் கடைசல் பிடிக்கும்போதே வளையங்களையும் பிரித்துவிடுகிறார்கள். கழற்றவே முடியாது.

நான் உருட்டினால் சத்தம்தான் வந்தது, நுரை வரவில்லை. "முதலில் அடியில் வைத்துக் கரை, பிறகு மேலே தூக்கு" என்று சைகை காட்டினார். குமிழை மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் காற்று ஏறி, இரண்டு விரல் உயரத்துக்கு நுரை! உள்ளங்கை எரிந்தது வேறு கதை. முட்டை மஞ்சள்கரு சேர்த்த ரொட்டியை அதில் தோய்த்துத் தின்ன வேண்டும்.

இந்த மத்து ஸ்பானியர் வந்த பிறகு புழக்கத்துக்கு வந்ததுதானாம். அதற்கு முன்பு உயரத்திலிருந்து பாத்திரம் விட்டுப் பாத்திரம் ஊற்றியே நுரை வரவழைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் துடேலா சுவடியில் (அந்தக் கால மெக்சிகோவைப் பற்றிய படச்சுவடி) ஒரு பெண் நின்றபடி ஊற்றும் படம் இருக்கிறது. பார்த்ததும் டீ ஆற்றும் மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது ஆசைப்பட்டு வண்ணம் பூசிய ஒன்றை வாங்கினேன். இரண்டாம் நாளே பாலில் வார்னிஷ் செதில் மிதந்தது. இப்போது அது சுவரில் தொங்குகிறது. வாங்குகிறவர்கள் பூச்சில்லாத வெறும் மரமாகப் பார்த்து வாங்குங்கள்.

மறுமொழி:
கொலம்பியாவின் போகோட்டாவில் நான் பார்த்ததில் வளையமே இல்லை, வெறும் தடியும் குமிழும்தான். இடுப்பு சிறுத்த அலுமினியக் கூஜாவில் கடைகிறார்கள். கூடவே சீஸ் துண்டைச் சூடான சாக்லேட்டில் போட்டு, இளகியதும் கரண்டியால் எடுத்துத் தின்கிறார்கள். முதல் நாள் முகம் சுளித்தேன். நாலாம் நாள் நானே கேட்டு வாங்கினேன்.

மறுமொழி:
என்னுடையதை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன். காலையில் வளையங்கள் உப்பி, அசையவே இல்லை. வெயிலில் வைத்தேன், வளையம் மறுபடி ஆடியது. தடியில் நீளமாக ஒரு வெடிப்பு. இப்போது மோர் மத்துதான்.