சுண்டெலி பிடி-1 புரோட்டீன்: எஃப்சி இணைத்ததா, ஹிஸ் டேக் போட்டதா?

கண்ணாடிக்குழல்:
எலியின் பிடி-எல்1-ஐ (டி செல்லை அடக்கும் பிடி-1 ஏற்பியில் ஒட்டும் புரோட்டீன்) பிடிக்கும் ஒரு நானோபாடி (சிறிய ஆன்டிபாடித் துண்டு) எங்கள் கையில் இருக்கிறது. பிடி-1 வந்து ஒட்டுவதை அது உண்மையிலேயே தடுக்கிறதா என்று எலி மேக்ரோபேஜிலும் (விழுங்கும் நோயெதிர்ப்பு செல்) எம்சி38 கட்டி செல்லிலும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒவ்வொரு செல்லின் ஒளிரும் சிக்னலையும் அளக்கும் முறை) பார்க்க வேண்டும். ரீகாம்பினன்ட் எலி பிடி-1 வாங்க வேண்டும், ஒரே ஒரு வடிவத்துக்குத்தான் அனுமதி. வழிகாட்டி எஃப்சி (ஆன்டிபாடியின் வால் பகுதி) இணைத்ததை வாங்கு என்கிறார், சீனியர் ஹிஸ் டேக் (சில ஹிஸ்டிடின்கள் கொண்ட சிறு ஒட்டு) போதும் என்கிறார். காரணத்தோடு சொல்லுங்கள்.

டிசெல்_தோழி:
எஃப்சிதான், யோசிக்கவே வேண்டாம். பிடி-1, பிடி-எல்1 இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாக ஒட்டும்போது பிணைப்பு மிகப் பலவீனம். மனிதப் புரோட்டீனை எஸ்பிஆரில் (பிணைப்பை அளக்கும் முறை) அளந்தால் கேடி (எண் கூடினால் பிணைப்பு பலவீனம்) சுமார் 8 மைக்ரோமோலார். எலியிலும் மைக்ரோமோலார் கணக்குதான். ஹிஸ் போட்ட ஒற்றை மூலக்கூறு ஒட்டிய வேகத்திலேயே கழன்றுவிடும். அதன் பிறகு செல்லைக் கழுவி, ஆன்டி-ஹிஸ் போட்டு, மறுபடி கழுவி மெஷினில் ஏற்றுகிறீர்கள். மேலே என்ன மிஞ்சும்? எஃப்சி இரண்டு பிடி-1-ஐச் சேர்த்துக் கட்டுகிறது. ஒரு கை விட்டாலும் மறு கை பிடித்திருக்கும்.

ஜெல்பட்டை:
அவர் மேக்ரோபேஜ் என்று எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? அந்த செல்லின் மேற்பரப்பு முழுக்க எஃப்சி காமா ஏற்பிகள், அதாவது எஃப்சியைப் பிடிப்பவை. எஃப்சி இணைத்த பிடி-1-ஐப் போட்டால் பிடி-எல்1 துளிகூட இல்லாத செல்லும் பளிச்சென்று சிக்னல் கொடுக்கும். நானோபாடி அதில் எதையும் குறைக்காது, "தடுக்கவில்லை" என்று முடிவு எழுதிவிடுவீர்கள். நல்ல மூலக்கூறு ஒன்று அநியாயமாகக் குப்பைக்குப் போகும்.

டிசெல்_தோழி:
அதற்குத்தானே எஃப்சி பிளாக் இருக்கிறது? 2.4ஜி2 ஆன்டிபாடி போட்டு பத்து நிமிடம் வைத்தால் முடிந்தது.

ஜெல்பட்டை:
முடியாது. 2.4ஜி2 பிடிப்பது சிடி16, சிடி32 என்ற இரண்டு எஃப்சி காமா ஏற்பிகளை. சிடி64 என்ற இன்னோர் ஏற்பியை அது தடுக்கும் என்று நம்ப முடியாது. எலியின் ஐஜிஜி2ஏ வகை ஆன்டிபாடியின் எஃப்சி சிடி64-இல்தான் இறுக்கமாக ஒட்டும். நீங்கள் வாங்கும் புரோட்டீனில் எந்த எஃப்சி என்று கேட்டலாக்கில் பாருங்கள். எலி ஐஜிஜி2ஏ என்றிருந்தால் மேக்ரோபேஜில் கிடைக்கும் எண்ணை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. டி செல்லின் வேறு ஏற்பிகளான சிடி28, சிடிஎல்ஏ-4 இரண்டும் செல் மேல் ஜோடியாக இருப்பவை. பிடி-1-இன் வெளிப்பகுதி அப்படிச் சேர்ந்து கட்டப்பட்டது இல்லை. வலிந்து ஜோடி சேர்த்துவிட்டு அதை உடைக்கச் சொல்லி நானோபாடியைச் சோதித்தால் ஐசி50 (பாதி தடுக்கத் தேவையான அளவு) எகிறிவிடும். இயல்பான நிலையைத்தானே அளக்க வேண்டும்?

டிசெல்_தோழி:
இயல்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? டி செல் எதிரியைத் தொடும் இடத்தில் பிடி-1 கூட்டமாகத் திரண்டு நுண்கொத்துகளாக நிற்கிறது. அங்கே ஒரு மூலக்கூறும் தனியாகப் போய் ஒட்டுவதில்லை. கரைசலில் மிதக்கும் ஒற்றை பிடி-1-தான் செயற்கை. அதைத் தடுத்துக் காட்டுவது சுலபம், அந்தச் சுலபத்தை நம்பி எலிக்கு ஊசி போட்டுவிட்டு ஏன் கட்டி சுருங்கவில்லை என்று தவிப்போரும் உண்டு.

புதுபிஎச்டி:
இடையில் ஒரு சந்தேகம். இந்த பிடி-1 புரோட்டீனையே டி செல் கல்ச்சரில் ஊற்றினால் செல்கள் அடங்குமா?

டிசெல்_தோழி:
அடங்காது தம்பி, நேர்மாறாக நடக்கும். கரைந்த நிலையில் இருக்கும் பிடி-1 போய் பிடி-எல்1-ஐ மூடிக்கொள்ளும், டி செல்லுக்குத் தடை குறையும். அடக்க வேண்டுமானால் பிளேட்டில், டி செல்லைத் தூண்டும் ஆன்டி-சிடி3-யோடு பிடி-எல்1 எஃப்சியைப் பூச வேண்டும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

மூன்றாம்_பஃபர்:
இருவரும் விட்டுவிட்ட வழி ஒன்று இருக்கிறது. ஏவி டேக் (பயோட்டின் ஏறும் சிறு ஒட்டு) வைத்து, பிர்ஏ என்சைமால் ஒரே இடத்தில் பயோட்டின் ஏற்றிய எலி பிடி-1. ஸ்ட்ரெப்டாவிடின்-பிஇ-யோடு (பயோட்டினைப் பிடிக்கும், ஒளிரும் சாயம் சேர்த்த புரோட்டீன்) நாலுக்கு ஒன்று கலந்தால் நான்கு பிடி-1 சேர்ந்த டெட்ராமர் ஆகிவிடும். பிடிப்பும் கிடைக்கும், எஃப்சியும் கிடையாது. சாதாரண ஹிஸ் புரோட்டீனை வாங்கி நாமே லைசினில் பயோட்டின் ஏற்றலாம் என்று இறங்காதீர்கள், பிணைக்கும் முகப்பிலேயே ஏறிவிட்டால் புரோட்டீன் வீண்.

எதை வாங்கினாலும் எண்டோடாக்ஸின் (எல்பிஎஸ் எனும் பாக்டீரியா நச்சு, ஈயு அலகில் அளப்பது) வரியைப் படியுங்கள். "மைக்ரோகிராமுக்கு 1 ஈயு-வுக்குக் குறைவு" என்பது கேட்க நன்றாக இருக்கும். மில்லிக்கு 10 மைக்ரோகிராம் போட்டால் 10 ஈயு வரை போகலாம், அதாவது ஏறக்குறைய 1 நானோகிராம் எல்பிஎஸ். மேக்ரோபேஜ் விழித்துக்கொள்ள அது தாராளம். விழித்த மேக்ரோபேஜ் பிடி-எல்1-ஐயே கூட்டிவிடும், நீங்கள் அளக்க வந்த பொருளையே புரோட்டீன் மாற்றிவிடும். ஐஸில் அரை மணி நேர ஸ்டெயினிங் என்றால் பரவாயில்லை. இரவு முழுக்க கல்ச்சர் என்றால் விடவே கூடாது.

ஜெல்பட்டை:
டெட்ராமர் எனக்குச் சம்மதம். ஹெக்293 மனித செல்லில் தயாரானதாகப் பாருங்கள், பிடி-1-இல் சர்க்கரைச் சங்கிலி ஏறும் இடங்கள் உண்டு. ஜெல்லில் ஓட்டினால் கணக்குப்படி 17 கிலோடால்டன் இருக்க வேண்டியது 30-க்கு மேலே அகலமாகப் பரவி நிற்கும். அதைக் கண்டு அசுத்தம் என்று திருப்பி அனுப்பாதீர்கள். மாறாக, 17-இல் கூர்மையான ஒற்றைப் பட்டை வந்தால் சர்க்கரை ஏறவில்லை என்று பொருள், அது ஈ.கோலை சரக்காக இருக்கலாம்.

கண்ணாடிக்குழல்:
ரொம்ப நன்றி. கன்ட்ரோலுக்கு நிவோலுமாப் (பிடி-1-ஐத் தடுக்கும் ஆன்டிபாடி மருந்து) போதுமா? லேபில் மிச்சம் இருக்கிறது.

மூன்றாம்_பஃபர்:
வேண்டாம். அது மனித பிடி-1-ஐப் பிடிக்கும், எலியுடையதைப் பிடிக்காது. பெம்ப்ரோலிசுமாபும் அப்படியே. உங்களுக்கு வேண்டியது பிடி-எல்1 பக்கம் தடுப்பது: 10எஃப்.9ஜி2 ஆன்டிபாடி, அல்லது எலியையும் மனிதரையும் சேர்த்துப் பிடிக்கும் அடெசோலிசுமாப். இரண்டில் ஒன்று சிக்னலைத் தரைமட்டமாக்க வேண்டும். ஆக்கவில்லை என்றால் நானோபாடியைப் பற்றிப் பேசவே முடியாது. ஆன்டிபாடிகளுக்கும் எஃப்சி உண்டு, அதனால் ஐசோடைப் கன்ட்ரோலை (அதே வகை எஃப்சி உள்ள, ஆனால் பிடி-எல்1-ஐப் பிடிக்காத ஆன்டிபாடி) மறக்காதீர்கள்.

டிசெல்_தோழி:
மேக்ரோபேஜுக்கு டெட்ராமர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எம்சி38-க்கு எஃப்சி வடிவம்தான் நல்லது என்ற என் கருத்து மாறவில்லை. அங்கே எஃப்சி ஏற்பித் தொல்லை கிடையாது, இன்டர்ஃபெரான் காமா கொடுத்தால் பிடி-எல்1 நன்றாக ஏறும், டெட்ராமர் கலவை விகிதத்தோடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

ஜெல்பட்டை:
ஒரே தாளில் இரண்டு செல்லுக்கு இரண்டு வடிவம் என்றால் ஐசி50-களை எப்படி ஒப்பிடுவது மேடம்? வாங்கப்போவது ஒன்றுதான், இரண்டிலும் ஓடுவதை வாங்கட்டும்.

கண்ணாடிக்குழல்:
அப்படியானால் ஏவி டேக் போட்டதையே கேட்கிறேன். பிடி-எல்1 நாக்அவுட் (அதன் மரபணுவை நீக்கிய) எம்சி38 பக்கத்து லேபில் இருக்கிறது, அதை முதல் டியூபில் வைத்து டெட்ராமரை டைட்ரேட் செய்து சரியான அளவைக் கண்டுவிட்டுத்தான் நானோபாடியைத் தொடுவேன்.