ஸ்காண்டிநேவியப் பெயர்கள்: நேரில் பார்த்ததில் மறக்க முடியாதது எது?

பெர்கன் அக்கா
எனக்கு இங்கே நார்வேயில், பார்னஹாகென் என்கிற பாலர் பள்ளியில் வேலை. பிள்ளைகளின் மழைச்சட்டை கொழுவும் கொக்கிக்கு மேலே பெயர் எழுதி ஒட்டுவேன். இப்போது வருகிறதெல்லாம் பழைய பெயர்கள்தான்: ஆஸ்ட்ரிட், சிக்னே, ஓலாவ், அல்மா. ஒரு நாலு வயதுக்காரிக்கு போர்க்ஹில்ட். பெயர்ப் புத்தகத்தைத் திறந்தால் கோட்டை, போர் என்று இருக்கும். இந்தப் பிஞ்சுக்கு ஏன் இது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் தாயோடு ஒரு வயோதிப அம்மாவும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றார். நான் உள்ளே பார்த்து, "போர்க்ஹில்ட், சப்பாத்தைப் போடு" என்றேன். உள்ளேயிருந்து ஒரு "யா", வாசலிலிருந்து ஒரு "யா". இரண்டும் ஒரே நேரத்தில். கொள்ளுப்பாட்டியின் பெயராம். "மனுசன் போன பிறகு என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் நான் பாட்டிதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பெயருக்குப் பொருள் தேடி அலைகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

மதுரை டு ஸ்டாக்ஹோம்
அக்கா, பொருள் வேண்டாம் என்று அப்படித் தள்ளிவிட முடியாது. என்னோடு வேலை செய்பவருக்குக் குறைமாதத்தில் மகள் பிறந்தாள். இங்கே பெயர் பதிய மூன்று மாதம் அவகாசம் உண்டு. வேறு ஒரு பெயரும் யோசித்து வைத்திருந்தார்கள். ஆனால் அன்று இரவே அவர் ஒரு தாளில் பேனாவால் "லிவ்" என்று எழுதி இன்குபேட்டர் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். ஸ்வீடிஷில் உயிர், வாழ்வு. போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தார். அந்த மூன்று எழுத்தும் கோணல்மாணலாக இருந்தது. அந்த ராத்திரியில் அவருக்குத் தேவைப்பட்டது பொருள்தான்.

ஆஸ்லோ வாசகன்
இரண்டு பேருமே பாதி சரி. "லிவ்" முதலில் பழைய நோர்ஸில், அதாவது ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியில், காப்பு, பாதுகாப்பு என்ற சொல்லிலிருந்து வந்தது. பின்னால் உயிர் என்ற சொல்லோடு ஒன்றாகிவிட்டது. போர்க்ஹில்டை "கோட்டைப்போர்" என்று சேர்த்துப் படிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் பெயரை இரண்டு துண்டாக வைத்துக்கொண்டு, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று சேர்ப்பதும் உண்டு. சேர்ந்து ஒரு அர்த்தம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாட்டன் பாட்டி பெயரை வைப்பதும் நார்வேயின் பழைய வழக்கம். டென்மார்க் இளவரசர் கார்ல் 1905-இல் இங்கே அரசரானபோது ஹோகோன் என்ற பழைய அரசர்களின் பெயரை எடுத்துக்கொண்டார். இரண்டு வயது மகன் அலெக்சாண்டரும் ஓலாவ் ஆனான்.

என் அனுபவம் சின்னது. விமான நிலையத்தில் பியோர்ன் என்ற பையனின் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், அம்மா அழாத குறை. அவன் பெயரில் இருக்கும் கோடு போட்ட ஓ எழுத்து (ø), பாஸ்போர்ட்டின் கீழ்வரிசையில் ஓ, ஈ (OE) என்று இரண்டு எழுத்தாக வரும். டிக்கெட்டில் வெறும் ஓ. அதனால் சொல்கிறேன்: வெளிநாடு போய்வரும் குடும்பம் என்றால் இந்த மாதிரி எழுத்துகள் இல்லாத பெயராகப் பாருங்கள். நோரா, ஈடா, ஆஸ்ட்ரிட் எல்லாம் நல்ல பெயர்கள். நார்வேயில் பெயர் பதிய ஆறு மாதம் இருக்கிறது, கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். 200 பேருக்கு மேல் வைத்திருக்கும் பின்பெயரை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைவு என்றால் அந்தப் பெயர்க்காரர்களின் சம்மதம் கேட்க வேண்டிவரும். முக்கியமாக, வீட்டில் எல்லோருக்கும் ஒரே பின்பெயராக வைத்துவிடுங்கள். நம் ஆட்கள் அப்பா பெயரைப் பின்பெயராகப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் விளக்கம் சொல்லியே களைத்துப்போகிறார்கள்.

ஜட்லாந்து
டென்மார்க்கில் அங்கீகரித்த பெயர்ப் பட்டியல் உண்டு. அதில் இல்லாததற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நாம் எந்த மதமானாலும் பதிவைப் பார்ப்பது பெரும்பாலும் திருச்சபை அலுவலகம்தான். மகளின் பெயரில் ழகரம். போனில் அலுவலகத்து அம்மா திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ழ வரவில்லை, ஆனாலும் விடவில்லை.

ரெய்க்யாவிக்
ஆஸ்லோ தம்பி, ஒரே பின்பெயர் யோசனை இங்கே ஐஸ்லாந்தில் செல்லாது. தடுப்பூசி போடப் போனபோது, எங்கள் நாலு பேருக்கும் கடைசிப் பெயர் சரியாக ஒத்துப்போகாததைப் பார்த்துப் பதிவுசெய்யும் பெண், "அப்பா பெயரா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் தன் சட்டையில் குத்தியிருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். அப்பா பெயரோடு கடைசியில் "டோட்டிர்", அதாவது மகள். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். முன்பு இருந்த நாட்டில் எத்தனை படிவத்தில் கோடு போட்டு விளக்கியிருப்பேன்! இங்கே யாரும் மறுபடி கேட்டதே இல்லை.

இங்கே சிக்கல் முதல் பெயரில்தான் வந்தது. இந்த ஊர்த் தாய் ஒருவர் மகளுக்கு ப்ளைர் என்று பெயர் வைத்தார். ப்ளைர் என்றால் இளங்காற்று. இலக்கணத்தில் ஆண்பால் என்பதால் பெண்ணுக்கு வைக்கக் கூடாது என்று, புதுப் பெயர்களை அனுமதிக்கும் பெயர்க்குழு மறுத்துவிட்டது. அந்தப் பெண் பதினைந்து வயது வரை அரசுத் தாள்களில் வெறும் "சிறுமி". 2013 ஜனவரியில் நீதிமன்றத்தில் ஜெயித்துத்தான் பெயரை வாங்கினாள். 2019-இல் வந்த சட்டம் ஆண்பெயர், பெண்பெயர் என்ற கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டது. அந்த வழக்கைத் தாயும் மகளும் விடாமல் நடத்தினதில் எனக்குப் பெரிய மரியாதை.