ஹிமாலயன் 411: ஆழியாறு ஏற்றத்தில் இழுவை கூட்ட எஞ்சினில் கை வைக்கலாமா?

மலைப்பாதை_கோவை

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2018 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக், பிஎஸ்4 (பழைய புகை விதி) மாடல், 411 சிசி. தனியாக ஓட்டும்போது குறை சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கு அது போதும். இப்போது மனைவியும் கூட வருகிறார். இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பை. பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை ஏறும் அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில்தான் சிக்கல். வளைவுக்குள் இரண்டாவது கியரில் நுழைந்தால் எஞ்சின் திணறி உதைக்கிறது. முதல் கியருக்கு இறக்கினால் கத்துகிறது, நிமிர்ந்த உடனே மறுபடி மாற்ற வேண்டும். பின்னால் வரும் பஸ்காரர் அதற்குள் ஹாரன் அடித்துவிடுவார்.

கம்பெனி கணக்கு 24.5 எச்பி, 32 நியூட்டன் மீட்டர். எனக்கு டாப் ஸ்பீடு வேண்டாம், கீழ் ஆர்பிஎம்மில் (எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது) டார்க், அதாவது முறுக்கு இழுவை வேண்டும். சிலிண்டரைப் பெரிதாக்கும் 462 சிசி கிட் போடலாமா, வால்வைத் திறக்கும் கேம் மாற்றலாமா, இல்லை கலவையை இன்னும் அழுத்தும் ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் மட்டும் போதுமா? அடுத்த வருடம் லடாக் போகும் எண்ணமும் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தம்பிடி தம்பி

ப்ரோ, முதலில் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் கே&என் ஏர் ஃபில்டரும் போடுங்கள். வண்டி பறக்கும். நான் போட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது.

லேத்துக்காரர்

தம்பிடி, வித்தியாசம் தெரிந்தது காதுக்கு. சத்தம் கூடினால் வேகம் கூடியது மாதிரி எல்லோருக்கும்தான் தோன்றும். ஒரே மேட்டில், அதே கியரில், இரண்டு சைலன்சரையும் மாற்றிப் போட்டு நேரம் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு வருகிறேன். நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போர் வேலையும், அதன் மேல்மூடியான ஹெட் வேலையும்தான் எனக்குச் சோறு. நான் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம் என்று சொன்னால் என் வருமானத்துக்கு எதிராகத்தான் சொல்கிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்களுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுவோம். வண்டி, நீங்கள் இருவர், பெட்டி எல்லாம் சேர்த்து 360 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, டயர் உராய்வையும் சேர்த்து, சக்கரத்தில் நான்கு எச்பி போதும். நம்ப முடியவில்லையா? எடை, சரிவு, வேகம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 24 எச்பி வண்டியில் நான்கு எச்பிக்கு ஏன் திணறல் வருகிறது? வளைவின் உட்பக்கத்தில் வேகம் 15-க்கு வந்தால், இரண்டாவது கியரில் ஆர்பிஎம் 1500 பக்கம் விழுகிறது. அந்த இடத்தில் எஞ்சின் 20 நியூட்டன் மீட்டர் கொடுத்தாலும் எச்பி நான்கு பக்கம்தான். இருக்கிற வேகத்தில் ஊர்ந்து போக அது ஆகும், வேகம் எடுக்க மிச்சம் அதிகம் இல்லை. சரிவு அந்த வளைவுக்குள் இன்னும் செங்குத்தாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே எஞ்சின் 2500-இல் சுற்றினால் கையில் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அதாவது உங்கள் எஞ்சினில் பலம் இருக்கிறது. அது இருக்கும் இடத்துக்கு உங்கள் கியர் போய்ச் சேரவில்லை.

சரி, 462 கிட் விஷயம். ஹிமாலயன் எஞ்சின் 78 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), 86 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). 462 ஆக்க வேண்டுமானால் போர் 83 மில்லிக்கு நெருங்க வேண்டும், பக்கத்துக்கு இரண்டரை மில்லி. வழக்கமாக நாங்கள் அடிக்கும் ஓவர்சைஸ் கால் மில்லி, அரை மில்லிதான். இருக்கிற லைனரை (சிலிண்டரின் உள்சுவர்) இரண்டரை மில்லி சீவினால் மிஞ்சுவது தகடு. ஆகவே கிட் என்றால் பேரலும் (சிலிண்டர்) பிஸ்டனும் ஜோடியாக வர வேண்டும். பழைய பேரலிலேயே அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதற்குக் கம்பெனி விகிதம் 9.5. 411-ஐ எட்டரையால் (9.5-இல் ஒன்று கழித்தது) வகுத்தால் ஹெட்டில் மிஞ்சும் இடம் சுமார் 48 சிசி. அந்த 48-ஐ அப்படியே விட்டுவிட்டு கீழே 462 ஆக்கினால் விகிதம் தானாகப் பத்தரைக்குப் போய்விடும். நீங்கள் கேட்காமலே ஹை கம்ப்ரஷன். லடாக் பாதையில் கிடைக்கிற பெட்ரோலில், வெயிலில், லோடு ஏற்றி, தாழ்ந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம்) வரும். பிஸ்டன் தலையில் குழி இருக்கிறதா, எத்தனை சிசி என்று கேட்டு வாங்க வேண்டும். கம்ப்ரஷனை மட்டும் 9.5-இலிருந்து 10.5-க்குத் தூக்கினால் ஏட்டுக் கணக்குப்படி கிடைப்பது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அதற்காக ஹெட்டைக் கழற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெட்ரோல் கணக்கும் மாறும். பெட்ரோலை அளந்து ஊற்றும் கம்ப்யூட்டரான ஈசியு 411-க்கு எழுதி வைத்த அளவைத்தான் ஊற்றும். மெதுவாக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்திக்கொள்ளும். முழு ஆக்சிலேட்டரில் அந்தத் திருத்தம் வேலை செய்யாது. பெரிய சிலிண்டர் கூடுதல் காற்றை இழுக்கும், பெட்ரோல் பழைய அளவே வரும், கலவை மெலியும், சூடு ஏறும். மலை ஏற்றத்தில் நீங்கள் இருப்பது அந்த இடத்தில்தான். ஆகவே ரீமேப்போ (அந்த அளவைத் திருத்தி எழுதுவது), கூட ஒரு ஃபியூயல் கன்ட்ரோலரோ இல்லாமல் 462 போடவே கூடாது. பிஸ்டன் எடை கூடினால் அதிர்வைக் குறைக்கும் பேலன்சரும் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. பழைய பிஸ்டன், பின், ரிங் மூன்றையும் தராசில் வைத்து, புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்காத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேம் வேண்டாம். 86 மில்லி ஸ்ட்ரோக்கில் 6500 ஆர்பிஎம் என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 18.6 மீட்டர். ஏற்கெனவே நன்றாக ஓடுகிற பிஸ்டன் அது. கேம் மாற்றினால் பெரும்பாலும் டார்க் மேலே போகும், நீங்கள் கேட்டது கீழே.

இப்போது கம்பெனியே என்ன செய்தது என்று பாருங்கள். ஸ்க்ராம் 440 பைக்கில் இதே 86 மில்லி ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு போரை 81 ஆக்கி 443 சிசி கொண்டு வந்தார்கள். டார்க் 32-இலிருந்து 34. இரண்டே இரண்டு. டைனோ (சக்தி அளக்கும் மெஷின்), ஆராய்ச்சிக்கூடம், புதிய அச்சு என்று எல்லாம் கையில் உள்ளவர்களுக்கே மூன்று மில்லி போருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஓட்டும்போது உறைக்கிற மாற்றம் என்று நான் சொல்வேன் என்றால், கூடவே கொடுத்த ஆறாவது கியரைத்தான்.

உங்கள் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) 15 பல், பின்னால் 38. முன்னால் 14 போட்டால் விகிதம் 2.53-இலிருந்து 2.71 ஆகும். எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏழு சதவீதம் கூடும். 32-க்கு ஏழு சதவீதம் என்பது 2.3. கம்பெனி 32 சிசி கூட்டி வாங்கியதை நீங்கள் ஒரே ஒரு பல்லைக் குறைத்து வாங்குகிறீர்கள், சில நூறு ரூபாய்க்கு. வளைவில் ஆர்பிஎம்மும் ஏழு சதவீதம் மேலே நிற்கும். நெடுஞ்சாலையில் 5000 ஓடிய இடத்தில் 5350 ஓடும், அதுதான் விலை. செயின் கொஞ்சம் இறுக்கமாக வளையும், தேய்மானமும் சற்றுக் கூடும். பழைய செயின் நீண்டு போயிருந்தால் முழு செட்டாக மாற்றுங்கள், தேய்ந்த செயினில் புதுப் பல் ஒரு மழைக்காலம் தாங்காது.

அதற்கும் முன்னால் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று. டப்பெட் (வால்வு இடைவெளி), ஏர் ஃபில்டர், கிளட்ச் நழுவல், டயர் காற்று எல்லாம் பாருங்கள். 2018 வண்டி. முதலில் பழைய 32 வருகிறதா என்று பார்த்துவிட்டுப் புதியதைத் தேடுவோம்.

தொப்பூர் வழியாக

நான் 462 போட்டவன், ஓசூரில் இருக்கிறேன். லேத்துக்காரர் அண்ணா சொன்ன ரீமேப் இல்லாமல்தான் முதலில் ஒரு பட்டறையில் கொடுத்தார்கள். வெயிலில் ஏற்றத்தில் 'கிணிங் கிணிங்' என்று சத்தம். வேறு இடத்தில் மேப் எழுதிய பிறகு சரியாகிவிட்டது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், தொப்பூர் கணவாயில் லாரிகளைத் தாண்டும்போது நான்காவது கியரிலேயே இழுக்கிறது. அந்த சுகத்தை ஸ்ப்ராக்கெட் தராது. பெங்களூர் டிராஃபிக்கில் கால் சுடும், மைலேஜும் இறங்கியது. எனக்குப் பரவாயில்லை.

லேத்துக்காரர்

தொப்பூர் தம்பி, நீங்கள் சொல்வது உண்மை. 60, 70-இல் ஏறும்போது நிஜமாகவே எச்பி வேண்டும், அங்கே சிசி பேசும். உங்கள் பாதைக்கு அது சரி. இவர் கேட்டது 15 கிலோமீட்டர் வேக வளைவு.

கறுப்புக் கோட்டு

யாரும் தொடாத விஷயம் ஒன்று. ஆர்சியில் 411 சிசி என்று பதிவாகியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ-இன்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வழியில் போலீஸ் சிலிண்டரைத் திறந்து பார்க்கப் போவதில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார். பின்னால் மனைவி உட்கார்ந்திருக்கிறார் என்கிறீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை_கோவை

அனைவருக்கும் நன்றி. பின் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, கேலிப்பர் பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தோம். டப்பெட்டும் இறுக்கமாக இருந்தது. 14 பல்லும் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அதே லோடோடு ஏறினோம். ஒன்பதாவது வளைவு காட்சிமுனையில் நிறுத்தும்வரை முதல் கியர் இரண்டு இடத்தில்தான் தேவைப்பட்டது. உதைப்பு இல்லை. அவினாசி ரோட்டில் 90-இல் போகும்போது மட்டும் கை இல்லாத ஆறாவது கியரைத் தேடுகிறது.

லடாக் பற்றி ஒரு சந்தேகம். அங்கே காற்றே குறைவு என்கிறார்கள். அதற்காவது 462 உதவுமா?

லேத்துக்காரர்

வால்பாறை சுமார் 1100 மீட்டர். அங்கேயே காற்றில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. 5000 மீட்டருக்கு மேல் உள்ள கணவாய்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும். உங்கள் 32 அங்கே 19, 20 ஆக நிற்கும். 462 அதை 22 ஆக்கும். இங்கிருந்து அவ்வளவு தூரம் சூட்டையும் ரீமேப்பையும் சுமந்துகொண்டு போய் வாங்கும் இரண்டு அது. எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டி என்பதால் பெட்ரோலை ஈசியு குறைத்துக்கொள்ளும், கார்புரேட்டர் ஆட்கள் மாதிரி ஜெட் மாற்றிக்கொண்டு நிற்க வேண்டாம்.

14 பல்லோடு போங்கள். மணாலி வரை நெடுஞ்சாலைதானே என்று நினைத்தால் 15-ஐப் பெட்டியில் போட்டுக்கொண்டு மணாலியில் மாற்றுங்கள், ஒரு மணி நேர வேலை. மாற்றும்போது செயின் தளர்வைச் சரிபார்க்க மறக்க வேண்டாம். பெட்டியில் ஏற்றும் எடையைப் பத்து கிலோ குறைத்தாலும் மொத்தத்தில் மூன்று சதவீதம் ஆயிற்று, ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் தருவது அவ்வளவுதான் என்று மேலே சொன்னேன்.

தம்பிடி தம்பி

அண்ணா, என்னிடம் இன்டர்செப்டர் 650 இருக்கிறது. அதுவும் 78 மில்லி போர்தானே, அதற்குப் பெரிய போர் போடலாமா?

லேத்துக்காரர்

போர் 78-தான், ஸ்ட்ரோக் 67.8. சின்ன ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், கணக்கே வேறு. தனி இழை தொடங்குங்கள் தம்பி, வந்து எழுதுகிறேன். சைலன்சரை மட்டும் அதற்குள் மாற்றிவிடாதீர்கள்.