தாத்தா வீட்டுக் குழு: ஸ்விஃப்ட் பம்பருக்கு குரோம்

சனி, மாலை 6:50

கார்த்தி: சித்தப்பா, ஸ்விஃப்ட் முன் பம்பருக்கு குரோம் ராப், அதான் கண்ணாடி மாதிரி மினுக்கற ஒட்டு ஃபிலிம், ஒட்டப் போறேன். வீட்லயே, கீழ பார்க்கிங்ல. ஜிபி ரோட்ல ரோல் பாத்து வச்சிருக்கேன். 2 மீட்டர் போதுமா?

செந்தில் சித்தப்பா: போதாது. காரோட அகலத்த வச்சு கணக்கு போட்டிருக்க. பம்பர் ரெண்டு பக்கமும் வீல் ஆர்ச் வரைக்கும் வளைஞ்சு போகுதுல்ல, துணி டேப்ப பம்பர் மேலயே படிய வச்சு ஆர்ச்லேருந்து ஆர்ச் வரைக்கும் அள. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் 15 செ.மீ. பிடிச்சு இழுக்கறதுக்கு. உயரத்துக்கும் அப்படியே.

செந்தில் சித்தப்பா: ஒரே ரோல்லேருந்து 3 மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வாங்கு. நடுவுல கெட்டுப்போய் இன்னொரு ரோல்லேருந்து துண்டு வாங்கினா பளபளப்பு ஒத்துப்போகாது.

கார்த்தி: கடைக்காரர் ரெண்டு வகை காட்டினார். ஒண்ணு பாதி விலை.

பிரியா அக்கா: பாதி விலைன்னா அது காலண்டர்டு ஃபிலிமா இருக்கும். உருளைக்கு நடுவுல நசுக்கி, இழுத்துச் செய்யறது. சூடு பட்டா பழைய அளவுக்கே சுருங்கப் பாக்கும். போர்டு, தட்டையான கதவுக்கெல்லாம் சரி. பம்பர் மாதிரி எல்லாப் பக்கமும் வளையற பொருளுக்கு கேஸ்ட் ஃபிலிம்தான். அதை திரவமா ஊத்தி உலர வைக்கறதால உள்ள இழுவிசை இருக்காது.

பிரியா அக்கா: கடையில வாய் வார்த்தைய நம்பாத. ஒரு விரல் அகலம், 10 செ.மீ. நீளம் வெட்டித் தரச் சொல்லு. லேசா சூடு காட்டி மெதுவா 11 செ.மீ. வரைக்கும் இழு. அதுக்குள்ளயே பால் ஊத்தின மாதிரி மங்கிச்சுன்னா அந்த ரோல் பம்பருக்கு ஆகாது.

கார்த்தி: ஏன் மங்குது? பளபளப்பான கருப்பு ராப் ஒட்டினப்ப நல்லாவே இழுத்தேன், ஒண்ணும் ஆகலயே.

பிரியா அக்கா: கருப்புல நிறம் பிளாஸ்டிக்லயே கலந்திருக்கு. குரோம்ல அந்தக் கண்ணாடி மினுக்கம் ரொம்ப மெல்லிசான உலோகப் பூச்சு. பிளாஸ்டிக் நீளும், உலோகம் நீளாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஆயிரக்கணக்குல விழும், வெளிச்சம் நேரா திரும்பாம சிதறும். நமக்கு அது சாம்பல் படிஞ்ச மாதிரி தெரியும். திரும்ப சூடு காட்டினாலும் அது போகவே போகாது.

செந்தில் சித்தப்பா: கருப்பு ஒட்டின கைப்பழக்கத்த மறந்துட்டு வா. அதுல சூடு, இழுப்பு ரெண்டையும் நம்பி வேலை செய்வோம். குரோம்ல ரெண்டையும் கொறச்சுக்கிட்டு, துண்ட அதிகப்படுத்தணும். முழு பம்பரும் ஒரே துண்டா வரணும்னு ஆசைப்பட்டா அங்கதான் கெட்டுப்போகும்.

குமார் மாமா: செந்தில், அப்படியே என் வண்டி பம்பருக்கும் ஒட்டிடலாமா? மிச்ச ரோல் இருக்கும்ல.

செந்தில் சித்தப்பா: மாப்ள, உங்க வண்டியில அடாஸ் இருக்கு, ஓட்டறவங்களுக்கு ரேடார் வச்சு உதவற வசதி. ரேடார் முன்னாடி பம்பர் பக்கம்தான் ஒளிஞ்சிருக்கும். பிளாஸ்டிக் வழியா ரேடார் அலை போகும், உலோகப் பூச்சு வழியா போகாது. ஒட்டினா தானா பிரேக் போடறது, முன் வண்டி தூரம் பாக்கறது எல்லாம் கோளாறாகும். சில வண்டியில பின் பம்பர் மூலையிலயும் இருக்கு, பிளைண்ட் ஸ்பாட்டுக்கு. உங்களுக்கு வேணாம்.

குமார் மாமா: சரிப்பா. கார்த்தி, ஆர்சியில கலர்னு ஒரு கட்டம் இருக்கு. வண்டி முழுக்க கலர் மாத்தினா ஆர்டிஓவுல எழுதிக் குடுத்து மாத்தணும், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. பம்பரோட நிறுத்திக்கோ. நம்பர் பிளேட் மேல ஒரு நூல் கூட ஏறக்கூடாது.

விஜயா பெரியம்மா: எதிர்ல வர்றவங்க கண்ணு கூசாதா?

பிரியா அக்கா: கூசும்மா. மத்தியான வெயில்ல நல்லாவே கூசும். நான் சொன்னா கேக்க மாட்டான்.

கார்த்தி: பம்பர கழட்டணுமா? மாட்டின மேனிக்கே ஒட்ட முடியாதா?

செந்தில் சித்தப்பா: ஒட்டலாம். ஆனா ஓரம் உள்ள மடங்காது, ஹெட்லைட் பக்கத்துல பிளேடு வச்சு வெட்டணும், பெயிண்ட் கீறும். மடங்காத ஓரம் முதல் மழையிலயே நாக்கு நீட்டும். கழட்டிடு.

செந்தில் சித்தப்பா: மேல கிரில் பக்கத்துல பிளாஸ்டிக் கிளிப், வீல் ஆர்ச்ல ஸ்க்ரூ, அடியில கிளிப்பும் போல்ட்டும். சாவிய எடுத்துட்டு ஃபாக் லேம்ப் கனெக்டர கழட்டு. ஒயர இழுக்காத, பூட்ட அமுக்கி இழு. கிளிப் நாலஞ்சு கண்டிப்பா உடையும், முன்னாடியே ஒரு டஜன் வாங்கி வச்சுக்கோ. கழட்டின பம்பர தரையில வைக்காத, ரெண்டு ஸ்டூல் மேல பழைய போர்வை போட்டு வை.

பிரியா அக்கா: அந்த பம்பர் எப்பவாவது ரீபெயிண்ட் பண்ணினதா?

கார்த்தி: இடது மூலை மட்டும். போன வருஷம் இல்ல, அதுக்கு முந்தின வருஷம்.

பிரியா அக்கா: அப்ப பெயிண்ட் காஞ்சிருக்கும். புதுசுன்னா மூணு நாலு வாரம் விடணும், இல்லன்னா உள்ளேருந்து ஆவி வந்து குமிழி எழும்பும். ஆனா அந்த மூலையில அகலமான நல்ல ஒட்டு டேப்ப அழுத்தி ஒட்டி வெடுக்குன்னு இழுத்துப் பாரு. பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காம பெயிண்ட் அடிச்சிருந்தா டேப்போட வந்துடும். டேப்புக்கே வந்தா, ராப்ப உரிக்கற அன்னைக்கு பெயிண்ட் பாளம் பாளமா வரும்.

பிரியா அக்கா: அடியில சொரசொரன்னு பெயிண்ட் இல்லாத கருப்பு பிளாஸ்டிக் இருக்கும்ல, அதுல ஒட்டவே ஒட்டாத. அந்த பிளாஸ்டிக்ல எந்தப் பசையும் சரியா பிடிக்காது.

கார்த்தி: சுத்தம் பண்ண சானிடைசர் பழசு அரை லிட்டர் இருக்கு. ஆல்கஹால்தான?

பிரியா அக்கா: கூடாது கூடாது. கை காயாம இருக்க அதுல கிளிசரின் கலந்திருப்பாங்க. துடைச்சா வழுவழுன்னு ஒரு படலம் நிக்கும், பசை பிடிக்காது. கெமிக்கல் கடையில ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்னு கேளு. 70 பங்குக்கு 30 பங்கு தண்ணி.

செந்தில் சித்தப்பா: முதல்ல ஷாம்பு போட்டு கழுவு. அப்புறம் கிளே பார், பெயிண்ட்ல ஒட்டின துகள எடுக்கற களிமண் கட்டி. கைய பாலித்தீன் கவருக்குள்ள விட்டு தடவிப் பாரு, மணல் மாதிரி நெருடக்கூடாது. கடைசியா ஐபிஏ, பிரியா சொன்ன அந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஒரு துணியால தடவு, காயறதுக்குள்ள இன்னொரு காஞ்ச துணியால எடு. தானா காய விட்டா அழுக்கு அங்கயே உக்காந்துக்கும். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் தொட்ட துணி பக்கத்துலயே வரக்கூடாது, அதுல சிலிக்கான் இருக்கு.

செந்தில் சித்தப்பா: மடங்கற ஓரத்தையும் உள்பக்கத்தையும் அதே அளவு துடை. எல்லாரும் முகத்த தொடைச்சுட்டு ஓரத்த விட்டுடறாங்க. தூக்கறது ஓரத்துலதான். இன்னொண்ணு, ஐபிஏ நல்லா ஆவியான அப்புறம்தான் ஹாட் ஏர் கன் போடணும், பாட்டில் மூடியிருக்கணும். பத்திக்கும்.

கார்த்தி: கல் பட்ட புள்ளி ரெண்டு மூணு இருக்கு. ராப் மூடிடும்ல?

செந்தில் சித்தப்பா: மூடாது, காட்டிக் குடுக்கும். கண்ணாடியில அரிசி குருணை ஒட்டின மாதிரி தெரியும். டச்சப் பெயிண்ட் வச்சு, நல்லா காஞ்சதும் 2000 நம்பர் உப்புத்தாள்ல தண்ணி தொட்டு சமமாக்கு.

சனி, இரவு 9:15

கார்த்தி: சாப்ட்டாச்சு. இப்ப ஒட்டற முறை சொல்லுங்க.

செந்தில் சித்தப்பா: மூணு துண்டா பிரி. நடு முகம் ஒண்ணு, ஃபாக் லேம்ப் குழி ரெண்டும் தனித்தனி. குழிய முதல்ல ஒட்டு, அதுக்கு பேரு இன்லே. குழியோட விளிம்ப தாண்டி 6, 7 மி.மீ. வெளிய விடு. அதுக்கு மேல நடுத்துண்டு வந்து விளிம்புலயே முடியட்டும். குரோம்ல ஜாயிண்ட் ஒரு நூல் கோடா தெரியத்தான் செய்யும். அத வளைவோட விளிம்புல ஒளிச்சு வைக்கறதுதான் வேலை. எல்லாத் துண்டும் ரோல்ல ஒரே திசையில வெட்டினதா இருக்கணும், திசை மாறினா ஒண்ணு வெளுப்பா, ஒண்ணு கருப்பா தெரியும்.

கார்த்தி: ஜாயிண்ட் வேணாம்னு ஒரே துண்ட குழிக்குள்ள அமுக்கினா?

செந்தில் சித்தப்பா: அன்னைக்கு நிக்கும். ஏப்ரல் வெயில்ல ரெண்டு நாள் வண்டி நின்னா, இழுபட்ட இடம் பழைய நிலைக்குத் திரும்பப் பாத்து குழிக்கு மேல கூடாரம் கட்டும். குழிக்குள்ள விரலால அழுத்தி வைக்கலாமே தவிர இழுத்து இறக்கக்கூடாது.

பிரியா அக்கா: சித்தப்பா, பின்தாள் உரிக்கறத சொல்லுங்க.

செந்தில் சித்தப்பா: ஆமா, அது முக்கியம். பின்தாள உரிக்கறப்போ நடுவுல நிறுத்தி நிறுத்தி இழுத்தா, நின்ன ஒவ்வொரு இடத்துலயும் குறுக்க ஒரு கோடு விழும். குரோம்ல அது அழியாது. ரெண்டு பேர் மேல ரெண்டு மூலைய பிடிக்கணும், மூணாவது ஆள் ஒரே வேகத்துல, தாள தட்டையா மடக்கின மாதிரி கீழ இழுத்துக்கிட்டே போகணும். பசைப் பக்கம் பசைப் பக்கத்த தொட்டுச்சுன்னா அந்தத் துண்டு போச்சு.

செந்தில் சித்தப்பா: சில ரோல்ல முகத்து மேலயும் பாதுகாப்புக்கு ஒரு கண்ணாடித் தாள் இருக்கும். அது நீளாது. சூடு காட்டறதுக்கு முன்னாடி பாத்து எடுத்துடு.

செந்தில் சித்தப்பா: அப்புறம் பம்பர் மேல போர்வை மாதிரி போடுங்க. சுருக்கம் இருக்கும், பயப்படாத. ஹாட் ஏர் கன்ன குறைஞ்ச சூட்டுல வச்சு, ஒரு சாண் தள்ளி, நிக்காம ஆட்டிக்கிட்டே காட்டு. ஃபிலிம் தளர்ந்து தானா விரியும். கைய வச்சா சூடு தெரியணும், கைய எடுக்கணும்னு தோணக்கூடாது. அவ்ளோதான் அளவு. சுருக்கம் போன உடனே நடுவுல ஒரு கையகலம் மேலேருந்து கீழ ஸ்க்வீஜி, அதான் தேய்ச்சு ஒட்டற பட்டை, போடு. அங்கேருந்து இடது, வலது. ஒவ்வொரு இழுப்பும் முந்தின இழுப்புல பாதிய மூடணும்.

கார்த்தி: ஸ்க்வீஜி பிளாஸ்டிக்தான் இருக்கு.

செந்தில் சித்தப்பா: ஃபெல்ட் துணி ஒட்டினது வேணும். அந்தத் துணியிலயும் ரெண்டு சொட்டு ஷாம்பு தண்ணி தொட்டுக்கோ. காஞ்ச ஃபெல்ட் கூட குரோம்ல மயிர்க்கோடு போடும். பசைப் பக்கம் தண்ணி தெளிக்காத, காத்து போக வழி வச்ச ஃபிலிமுக்கு அது கெடுதல்.

கார்த்தி: மூலை?

செந்தில் சித்தப்பா: அங்கதான் எல்லாரும் தோக்கறாங்க. மூலைக்குப் பக்கத்துல பிடிச்சு இழுத்தா அந்த நாலு விரல் இடம் மட்டும் நீண்டு வெளுக்கும். ரெண்டு அடி தள்ளிப் பிடி. பெரிய பரப்பு கொஞ்சமா நீளட்டும். அப்பவும் மடிப்பு நின்னா, பம்பருக்கு வெளிய தொங்கற பகுதியில கத்தரிக்கோலால ஒரு வெட்டு போடு, இறுக்கம் விடும். ஒட்டினது பிடிக்கலன்னா மெதுவா தூக்கி ஒரு தடவை திரும்ப ஒட்டலாம். அதுக்கு மேல தூக்காத.

பிரியா அக்கா: வெட்டறதுக்கு நைஃப்லெஸ் டேப் வாங்கிக்கோ. டேப்ப முன்னாடியே கோடு மாதிரி ஒட்டிட்டு, மேல ராப் ஒட்டி, உள்ள இருக்கற நூல உருவினா ராப் மட்டும் வெட்டுப்படும். பெயிண்ட் மேல பிளேடு பேச்சே வேணாம்.

செந்தில் சித்தப்பா: ஓரம் உள்பக்கமா 6 மி.மீ. மடங்கினா போதும், மிச்சத்த வெட்டு. பசை நல்லா பிடிக்கறதுக்குப் பூசற 3எம் பிரைமர் 94 திரவத்த சிலர் பம்பர் முழுக்க பூசறாங்க, தப்பு. கீழ் உதட்டுல, மடிக்கற ஓரத்துல மட்டும் மெல்லிசா. உரிக்கறப்போ பசை அங்கயே தங்கிடும்.

பிரியா அக்கா: கடைசி சூடு மறந்துடாத. எல்லாம் வெட்டின அப்புறம் ஓரத்தையும் வளைவையும் அளந்து சூடாக்கணும், அப்பதான் ஃபிலிம் அந்த வடிவத்த பிடிச்சுக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சுப் பாரு. கலர் கேஸ்ட் ஃபிலிமுக்கு 90, 100 டிகிரின்னு சொல்வாங்க. குரோமுக்கு அத அப்படியே எடுத்துக்காத, அந்த ரோலோட டேட்டா ஷீட்ல போட்டிருக்கற எண்ண தாண்டாத. பளபளக்கற முகத்துல தெர்மாமீட்டர் குறைச்சுக் காட்டும், அதனால பக்கத்துல ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி அது மேல அள.

கார்த்தி: இது தெரியாதுக்கா. சூடு போதலன்னு நினைச்சு இன்னும் சூடு வச்சிருப்பேன்.

பிரியா அக்கா: அதான் கருகும்.

செந்தில் சித்தப்பா: ஒரு நாள் தண்ணி படக்கூடாது, ஒரு வாரம் பிரஷர் வாஷ் கூடாது. அதுக்கப்புறமும் கை கழுவல்தான், பிரஷ் வச்ச வாட்டர் வாஷ் வேணாம். பெட்ரோல், தின்னர், பாலிஷ் எதுவும் தொடக்கூடாது. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் மினுமினுப்பா நின்னா நல்ல வேலைன்னு சொல்லுவேன். ஓரம் வெடிக்க ஆரம்பிச்சா உடனே உரிச்சுடு. விட்டா பொடிப்பொடியா வரும்.

கார்த்தி: நாளைக்கே முழு பம்பர் வேணாம்னு தோணுது. ஃபாக் லேம்ப் ஓரம் மட்டும் முதல்ல பண்ணட்டுமா?

செந்தில் சித்தப்பா: அதான் புத்தி. அதுல கை பழகட்டும், பம்பர அடுத்த ஞாயிறு பாப்போம். காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்குள்ள முடி. அப்புறம் சூடும் ஏறும், காத்துல தூசியும் ஏறும். மிச்ச ரோல மடிக்காத, நிக்க வை.

விஜயா பெரியம்மா: நான் வாசல் தெளிக்கறப்பவே பார்க்கிங்லயும் பெருக்கி தண்ணி தெளிச்சு விடறேன்.

செந்தில் சித்தப்பா: அண்ணி, தெளிச்சா போதும். பெருக்கறத இப்ப ராத்திரியே முடிச்சுடுங்க, காலையில பெருக்கினா தூசி எழும்பி எல்லாம் பம்பர்லதான் உக்காரும்.

விஜயா பெரியம்மா: அப்ப கார்த்தி வந்து பெருக்கட்டும். வெளக்குமாறு கதவுக்குப் பின்னாடி இருக்கு.