ஊரிலிருந்து திரும்பியாயிற்று. விளக்கெண்ணெய் குடித்து உடம்பைச் சுத்தம் பண்ண வேண்டுமா?

வைகைக்கரை:
ஒரு மாத லீவு முடிந்து மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்கு இந்த வாரம்தான் திரும்பினேன். எடை மெஷின் மூன்று கிலோ கூடக் காட்டுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கே கண் சொக்குகிறது, ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து பசி கொல்லுகிறது, எழுந்துபோய்ப் பெட்டியில் வந்த முறுக்கையும் சீப்புச் சீடையையும் தின்றுகொண்டிருக்கிறேன். கறி தோசை, பன் பரோட்டா, வெயிலைச் சாக்குச் சொல்லி தினமும் ஒரு ஜிகர்தண்டா, அழகர்கோவில் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் கிடா வெட்டு என்று ஓடிய மாதம், அதனால் எடை ஏறியதில் ஆச்சரியமில்லை. பிரச்சினை குடும்ப வாட்ஸ்அப் குழுவில். சித்தப்பா ஒரு திட்டம் போட்டிருக்கிறார்: முதல் நாள் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவ வேண்டும், அப்புறம் மூன்று நாள் ஜூஸ் மட்டும், அதற்கப்புறம் ஒரு வாரம் சோறே தொடக்கூடாது. குழுவில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். செய்யலாமா? திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டும், அதையும் மனசில் வைத்துச் சொல்லுங்கள்.

நாட்டுமருந்துப் பெட்டி:
தாராளமாகச் செய்யுங்கள் தம்பி, சித்தப்பா அனுபவஸ்தர். வருஷத்துக்கு இரண்டு முறை பேதிக்குக் கொடுக்காத வீடு அந்தக் காலத்தில் உண்டா? லங்கணம் பரம ஔஷதம், பட்டினியே பெரிய மருந்து என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு மாதம் கறியும் மைதாவும் இறக்கிய வயிற்றுக்கு ஓய்வு கொடுக்காமல் மறுநாளே இட்லி, தோசை என்று ஆரம்பித்தால் மந்தம் எப்படிப் போகும்? ஜூஸ்தான் எனக்கு உடன்பாடில்லை, அது இப்போது வந்த பழக்கம். அந்த மூன்று நாளும் சீரகத் தண்ணீரும் அரிசிக் கஞ்சியும் போதும்.

டம்பெல் தம்பி:
எண்ணெயெல்லாம் வேண்டாம் பாஸ். சோறு, சர்க்கரை இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள், காலையில் ஜிம்முக்குப் போய் லீவுக்கு முன்னால் தூக்கிய அதே எடையைத் தூக்குங்கள். மூன்றே நாளில் இரண்டு கிலோ இறங்கும், நான் எழுதித் தருகிறேன்.

இரவு டூட்டி நர்ஸ்:
கோயம்புத்தூரில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கெண்ணெய் வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. குடலுக்குள் போனதும் அதிலிருந்து ரிசினோலிக் அமிலம் பிரிந்து குடலை முடுக்கிவிடும், நாலைந்து முறை போகும், வயிறு காலியான மாதிரி இருக்கும். ஆனால் நீங்கள் தின்ற மாவும் கொழுப்பும் சிறுகுடலிலேயே ரத்தத்தில் சேர்ந்துவிட்டன, போன மாதத்துப் பரோட்டா போன மாதமே போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது எண்ணெய் குடித்தால் வெளியே வருவது தண்ணீரும் உப்புகளும்தான், முக்கியமாகப் பொட்டாசியம். இத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து தண்ணீர் சரியாகக் குடிக்காமல் வந்திருப்பவருக்கு இது தேவையா?

"சுத்தம்" என்று சொல்கிறார்களே, அதற்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன, அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே வருகிறது. அந்த வேலை நின்றுபோனவர்களை நான் தினமும் பார்க்கிறேன், அவர்களுக்கு எந்த ஜூஸும் உதவுவதில்லை. சொல்லப்போனால் இளநீரும் பழச்சாறும்தான் அவர்களுக்கு ஆபத்து, பொட்டாசியம் ஏறிவிடும்.

மூன்று கிலோவைப் பார்த்தும் பயப்படாதீர்கள். கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து அரை கிலோ வரை கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு வைக்க இடமுண்டு, ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதோடு உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது, கறிக்குழம்பு, ஊறுகாய், அப்பளம் என்று விருந்தில் அது ஒரே வேளையில் தாண்டிவிடும், உப்பு போன இடத்துக்குத் தண்ணீரும் போகும். டம்பெல் தம்பி எழுதித் தருகிற இரண்டு கிலோ இந்தத் தண்ணீர்தான். சோற்றை நிறுத்தினால் மளமளவென்று இறங்கும், மறுபடி சோறு சாப்பிட்ட அன்றே திரும்பி வரும்.

கணக்கு வாத்தியார்:
மேடம், "பயப்படாதீர்கள், எல்லாம் தண்ணீர்" என்று இவ்வளவு சுலபமாக முடிக்க விடமாட்டேன். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோவுக்கு 23,100. முப்பது நாளால் வகுத்தால் நாளைக்கு 770. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இரண்டு பரோட்டாவும் ஒரு ஜிகர்தண்டாவும் போதும், அந்தக் கணக்கு நேராகிவிடும். எனவே மூன்று கிலோவும் கொழுப்பாக இருக்கவும் வாய்ப்பிருக்கிறது.

இன்னொன்று. 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 195 பேரை நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, அந்தப் பண்டிகைக் காலம் முழுக்க எடை பார்த்தார்கள். சராசரியாக ஏறியது 0.37 கிலோ, அரை கிலோகூட இல்லை. எல்லோரும் "அவ்வளவுதானா" என்று சிரித்துவிட்டுப் போகிற இடம் இது. ஆனால் ஏறியது அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வின் முக்கியமான செய்தி. வருஷா வருஷம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிக்கொண்டே போனால் நாற்பது வயதில் பழைய பேன்ட் ஏன் போட முடியவில்லை என்பதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம். ஆகவே சித்தப்பாவின் வழி தப்பாக இருக்கலாம், "ஏதாவது செய்தாக வேண்டும்" என்ற அவருடைய அவசரம் தப்பில்லை.

நாட்டுமருந்துப் பெட்டி:
வாத்தியாரே, சரியாகச் சொன்னீர்கள்! நான் சொல்ல வந்ததும் இதைத்தான். விருந்து எங்கே முடிந்தது என்று உடம்புக்கும் தெரிய வேண்டும், மனசுக்கும் தெரிய வேண்டும். ஒரு நாள் பட்டினி போட்டால் அது தெரிந்துவிடும். இல்லையென்றால் "நாளையிலிருந்து", "திங்கட்கிழமையிலிருந்து" என்றே ஆடி போய் ஆவணி வந்துவிடும்.

இரவு டூட்டி நர்ஸ்:
வாத்தியார் கணக்கு சரி. எல்லாமே தண்ணீர் என்று நான் சொல்லவில்லை சார், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கொழுப்பு என்று இன்றைக்குத் தெரியாது என்கிறேன். ஒரு வாரம், பத்து நாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்து, ஒன்றும் சாப்பிடாமல் எடை பாருங்கள். தண்ணீராக வந்தது அதற்குள் பெரும்பாலும் போயிருக்கும். அதன்பிறகும் நிற்பதுதான் கொழுப்பு. அது ஏறுவதற்கு ஒரு மாதம் ஆனது, இறங்குவதற்கு அதைவிடக் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். மூன்று நாளில் அதை இறக்குவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பெட்டி ஐயா, பட்டினியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. உங்கள் பதிவைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள்?

ஷார்ஜாவாசி:
இதோ ஒருவன் இருக்கிறேன். போன முறை லீவு முடிந்து ஷார்ஜா வந்ததும் இப்படித்தான் ரூமில் ஒருவர் பேச்சைக் கேட்டு நானும் பட்டினி போட்டேன், ஆனால் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன். பதினோரு மணிக்கெல்லாம் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறிவிட்டது. கூட இருந்தவர் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தேன். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டேதான் இருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் பட்டினி வேண்டாம்.

நாட்டுமருந்துப் பெட்டி:
மாத்திரை போடுகிறவர்களை நான் சொல்லவே இல்லையே. கேள்வி கேட்டவர் சின்னப் பிள்ளை, ஆரோக்கியமானவர்.

ஷார்ஜாவாசி:
அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகளா ஐயா?

வைகைக்கரை:
சித்தப்பாவுக்கே பிரஷரும் சர்க்கரையும் உண்டு. இப்போதுதான் உறைக்கிறது, அவருக்குப் போன் பண்ணுகிறேன். சரி, இந்தத் தூக்கத்துக்கு யாராவது வழி சொல்லுங்களேன். எடையைவிட அதுதான் என்னைப் படுத்துகிறது.

இரவு டூட்டி நர்ஸ்:
நானாக இருந்தால் முதலில் தூக்கத்தைத்தான் கவனிப்பேன், எடையெல்லாம் அப்புறம். தூக்கம் கெட்டால் பசி கூடும், இது மனப்பிரமை அல்ல. 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் கூடியது, இனிப்பு, மாவுப் பண்டம், உப்பு நொறுக்கு மேல் ஆசையும் ஏறியது. மூன்று மணிக்கு உங்களை அடுக்களைக்கு இழுத்துப்போவது இதுதான், மனஉறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் ஊருக்கும் நம்மூருக்கும் இப்போது ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே ராத்திரி மூன்று என்றால் மதுரையில் மதியம் பன்னிரண்டரை, சோற்று நேரம், வயிறு கேட்கத்தான் செய்யும். மேற்கே போகிறவர்களுக்கு உடம்புக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அதற்கு மாலை வெளிச்சம் உதவும். நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நேரம் வெளியே இருங்கள், கோடையில் அங்கே எட்டு மணிவரை வெளிச்சம் இருக்குமே. மூன்று மணிக்கு விழித்தால் பெரிய விளக்கைப் போடாதீர்கள், போனை எடுக்காதீர்கள், அந்த நேரத்து வெளிச்சம் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நகரும், ஆகவே ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். நாலு மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் பாதி ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும்.

டம்பெல் தம்பி:
அந்த மாலை நேரத்திலேயே ஜிம்முக்குப் போகலாமே அக்கா, வெளிச்சமும் ஆச்சு, எடையும் ஆச்சு.

இரவு டூட்டி நர்ஸ்:
ஜிம்முக்குள் என்ன வெயில் தம்பி? வெளியே நடக்கச் சொல்லுங்கள். "அதே எடையைத் தூக்குங்கள்" என்று எழுதினீர்களே, அதைத்தான் நான் முதலிலேயே மறுத்திருக்க வேண்டும், விளக்கெண்ணெயில் மூழ்கிவிட்டேன். ஒரு மாதம் சும்மா இருந்த தசையை முதல் நாளே கசக்கினால் வலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். அது வெறும் வலியாக இருந்தால் பரவாயில்லை. அளவு மீறிப் போனால் தசை நார்கள் உடைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தில் போய் அடைக்கும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும். அப்படி எங்கள் பிரிவுக்கு வந்து சேர்கிற இருபது வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். முதல் வாரம் பழைய எடையில் பாதி, செட்டும் குறைவு, போதும்.

டம்பெல் தம்பி:
பாதி என்பது ரொம்பக் குறைவு. வலு ஒரு மாதத்தில் அவ்வளவு சீக்கிரம் போகாது, மூச்சுத் திறன்தான் இரண்டு வாரத்திலேயே இறங்க ஆரம்பிக்கும், கார்டியோவில்தான் முதலில் தெரியும். நான் முக்கால் என்பேன். ஆனால் அந்தக் கோலா நிற விஷயம் எனக்குத் தெரியும், எங்கள் ஜிம்மிலும் ஒருவருக்கு ஆனது, அதில் சண்டை போட வரவில்லை.

கணக்கு வாத்தியார்:
எல்லோரும் உடம்பையே பேசுகிறீர்கள், அந்தப் பெட்டியை யாரும் பேசவில்லை. லீவு மதுரையில் முடிந்துவிட்டதாக நினைக்கிறீர்கள், அது முறுக்கு, சீடை, அதிரசம், பருப்புப்பொடி என்று இருபத்து மூன்று கிலோ பெட்டிகளில் நியூ ஜெர்சிக்கே வந்து இறங்கியிருக்கிறது. அதை முதலில் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். ஆபீசுக்குக் கொண்டுபோங்கள், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுங்கள், பருப்புப்பொடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
சார், அது அம்மா உட்கார்ந்து பிழிந்த முறுக்கு. ஆபீசில் கொடுத்தால் "இது என்ன, பிரெட்ஸலா" என்று கேட்டு ஒன்று எடுத்துக் கடித்துவிட்டு மிச்சத்தை மேஜையிலேயே வைத்துவிடுவார்கள். மனசு கேட்காது.

கணக்கு வாத்தியார்:
அப்படியானால் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. மூன்று மணிக்குக் கைக்கு எட்டும் டப்பாவில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இரவு டூட்டி நர்ஸ்:
அதற்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். மூன்று மணிப் பசிக்கு ஒரு டம்ளர் மோர் போதும். பகலில் சோறு சாப்பிடுங்கள், ஒரு வாரம் சோறே கூடாது என்பதெல்லாம் நமக்கு ஒத்துவராது, பத்தாம் நாள் பிரியாணியில் போய் முடியும். சோற்றைப் பாதியாக்கி, கீரை, பருப்பு, முட்டை, சுண்டல் என்று தட்டை நிரப்புங்கள். உங்கள் பக்கத்து ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளில் முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் கிடைக்குமே. உறைய வைத்த பரோட்டாப் பாக்கெட் பக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்குப் போகாதீர்கள்.

நாட்டுமருந்துப் பெட்டி:
பாதிச் சோறு, கீரை, மோர், பயறு. இதைத்தானே அம்மா நாங்கள் பத்தியம் என்கிறோம்? இங்கிலீஷ் பேர் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள் போலிருக்கிறது. பெரிய விருந்து நடந்த வீட்டில் ராத்திரி மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான், இது எந்த ஆய்வைப் பார்த்து வந்தது?

இரவு டூட்டி நர்ஸ்:
மிளகு ரசத்துக்கு நான் எதிரியே இல்லை ஐயா, எங்கள் வீட்டிலும் இன்றைக்கு அதுதான். நான் எதிர்ப்பது பேதியையும், எல்லோருக்கும் ஒரே அளவில் பட்டினி சொல்வதையும் மட்டும்.

வைகைக்கரை:
விளக்கெண்ணெய் இல்லை, ஜூஸ் இல்லை. முறுக்கு ஃப்ரீசருக்குப் போகிறது. சாயங்காலம் பார்க்கில் நடை. ஜிம் அடுத்த வாரம், பாதியா முக்காலா என்று நீங்கள் இருவரும் முடிவு பண்ணிச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் பேசிவிட்டேன், அவர் நேற்றே ஒரு வேளை பட்டினி இருந்திருக்கிறார், சித்தி திட்டிச் சாப்பிட வைத்திருக்கிறார்.

நாட்டுமருந்துப் பெட்டி:
உங்கள் இஷ்டம். நான் வரும் சனிக்கிழமை விரதம் இருக்கத்தான் போகிறேன், முப்பது வருஷமாக இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரவு டூட்டி நர்ஸ்:
மாத்திரை எதுவும் இல்லையென்றால் தாராளமாக இருங்கள் ஐயா, தண்ணீர் மட்டும் குறையாமல் குடியுங்கள். அப்படியே இங்கே மேலே "தாராளமாகச் செய்யுங்கள்" என்று போட்ட உங்கள் பதிவில் "சர்க்கரை, சிறுநீரக நோயாளிகள் நீங்கலாக" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இதை நாளைக்கு யாராவது வெட்டி ஒட்டி இன்னொரு குடும்பக் குழுவில் போடுவார்கள்.

நாட்டுமருந்துப் பெட்டி:
சேர்த்துவிட்டேன். கர்ப்பிணிகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், பேதிக்கு அதுவும் ஆகாது.